ஊரடங்கும் புற்றுநோயின் நிலையும்

கேள்வி: 2020 ஏப்ரலில் என் அம்மாவுக்கு மார்பில் பெருநெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பேருந்து ஓடவில்லை, மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிவிடும் என்ற பயம் வேறு. டிசம்பரில்தான் காட்டினோம். மூன்றாம் நிலை என்றார்கள். சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். ஆனாலும், பெருந்தொற்றுக் காலத்தில் முற்றிய புற்றுநோய் அதிகமாயிற்று என்று படிக்கும்போதெல்லாம், அன்றே அழைத்துப் போயிருந்தால் முதல் நிலையிலேயே கண்டுபிடித்திருப்பார்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் ‘அதிகமாயிற்று’ என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2018 முதல் 2020 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட சுமார் 24 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2023இல் லான்செட் ஆன்காலஜி மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, முந்தைய ஆண்டைவிட 2020இல் நான்காம் நிலையினரின், அதாவது நோய் உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவியவர்களின் விகிதம் கூடியதையும் முதல் நிலையினரின் விகிதம் குறைந்ததையும் காட்டியது. எண்ணிக்கையில் இரு தரப்புமே குறைந்தன. முதல் நிலையினர் கூடுதலாகக் குறைந்தார்கள். முதல் நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கருவியால் உள்ளே பார்ப்பது) போன்ற பரிசோதனைகளில்தான் அது அதிகம் அகப்படும். அந்தப் பரிசோதனைகள் 2020 வசந்த காலத்தில் அங்கே ஏறக்குறைய நின்றுபோயின. மூச்சுத்திணறலோ ரத்தப்போக்கோ வந்தவர் பயத்தையும் மீறி வந்தே தீர்வார். குட்டைப் பிள்ளைகள் பலர் வராத நாளில் வகுப்பின் சராசரி உயரம் கூடுவதைப் போன்றது இது. யாரும் ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லை.

நம் நாட்டின் கதை வேறு. புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டபோது, புதிய நோயாளிகளின் பதிவு 1,12,270இலிருந்து 51,760ஆகச் சரிந்திருந்தது. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்திருந்தன. இங்கே அறிகுறி தோன்றுமுன்பே பரிசோதனையில் கண்டறியப்படுவோர் எப்போதுமே சொற்பம். கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகே பெரும்பாலோர் வருகிறார்கள். ஆகவே, வராமல் போனவர்களில் பலர் உங்கள் அம்மாவைப் போல அறிகுறி தெரிந்தும் வர முடியாதவர்கள். அவர்களுக்கு நேர்ந்த தாமதத்தை வெறும் விகிதக் கணக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். நோய் கண்டறிந்த பிறகு அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணித்தது. எட்டு மாதம் சிறிய கால அளவு அன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோயை முதல் நிலை என்று சொல்லக் கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அக்குள் நிணநீர் முடிச்சுகளிலும் நோய் பரவியிருக்கக் கூடாது, மிஞ்சிப்போனால் நுண்ணிய அளவே இருக்கலாம். பெருநெல்லிக்காய் பொதுவாக 2 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் சொல்லும் அளவு சரியென்றால், ஏப்ரலிலேயே அது இரண்டாம் நிலைக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அக்குளில் அப்போது என்ன இருந்தது என்பதை இன்று யாராலும் சொல்ல இயலாது. முன்பே வந்திருந்தால் சிகிச்சை சற்று எளிதாக இருந்திருக்கலாம். முதல் நிலையைத் தவறவிட்டதாக நீங்கள் வருந்துவதற்கு மட்டும் அடிப்படை தெரியவில்லை. அதிலும், பேருந்தை நிறுத்தியது நீங்கள் இல்லையே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மகளுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. நாற்பதைத் தொட்டிருந்தால் இம்மாதமே ஒரு மேமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தால், உங்கள் வயது எதுவானாலும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள்.