பாதத்தைத் தொட்டாலே இழுத்துக்கொள்ளும் நீண்ட முடி நாய்க்கு, வீட்டிலேயே பாத முடியையும் கால் முடியையும் எப்படி வெட்டுவது?

தாராளமாக வெட்டலாம். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பது கடைசி வேலை. தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறது என்கிறீர்களே, முதலில் அதைப் பழக்குங்கள். நாய் சாப்பிட்டுவிட்டு அசந்து படுத்திருக்கும் நேரத்தில் ஒரு பாதத்தை லேசாகப் பிடியுங்கள், விரல்களைப் பிரித்துப் பாருங்கள், இழுப்பதற்குள் விட்டுவிட்டு ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள். எங்கள் பவுனு கோல்டன் ரெட்ரீவர். அவள் தானாகவே பாதத்தை என் மடியில் வைக்கும்வரை நான் ட்ரிம்மரை ஓடவிட்டதே இல்லை. அந்தச் சத்தத்தையும் தனியாகப் பழக்க வேண்டும்: ட்ரிம்மரைத் தூரத்தில் ஓடவிட்டு, தின்னக் கொடுத்து, மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள்.

கடலூரில் இருக்கிற எங்களுக்கு இது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. பாத மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடி மெத்தையைத் தாண்டி நீண்டுவிட்டால், டைல்ஸ் தரையில் நாய்க்குப் பிடிமானமே இருக்காது. வயதான நாய்கள் எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்கி விரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்தால் ஈர மணல் அந்த முடியில் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரலிடுக்கு காயவே காயாது. அங்கேதான் அரிப்பும் புண்ணும் தொடங்கும். உண்ணி ஒளிந்துகொள்ளவும் பிடித்த இடம் அது.

வெட்டுவதற்கு முன் சீவ வேண்டும், அதுவும் குளிப்பாட்டுவதற்கு முன்பே. சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டால் இன்னும் இறுகிச் சடையாகிவிடும். சிக்கில் கொஞ்சம் சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) தூவி விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீவிக்கொண்டே உள்ளே போங்கள். தோலோடு ஒட்டிய சடையைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. சடைக்குள் தோலும் சேர்ந்து இழுபட்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது.

பிறகு குளிப்பாட்டி, நன்றாகக் காயவைத்து, பாதத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். முன்னும் பின்னும் அது இயல்பாக மடங்கும் திசையிலேயே, தேவையான அளவுக்கு மட்டும் தூக்குங்கள். நீண்டு தொங்கும் முடியை மெத்தையின் மட்டத்துக்கு வெட்டினால் போதும், குழிக்குள் தோண்ட வேண்டாம். விரல்களுக்கு இடையில் இருக்கும் சவ்வு மெல்லியது, முனை பட்டால் கிழிந்துவிடும். அதனால் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலையே வாங்குங்கள். ட்ரிம்மர் என்றால் பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து நாயைத் தரையில் நிற்கவையுங்கள். விரல்களுக்கு மேலே துருத்தும் முடியை பிரஷால் மேல்நோக்கித் தூக்கி, பாதத்தின் மேல்பரப்புக்குச் சமமாக வெட்டுங்கள். பாதத்தைச் சுற்றி ஓரத்தை வட்டமாகக் கத்தரிக்கும்போதும் நாய் தன் எடையை ஊன்றி நிற்க வேண்டும். தூக்கிப் பிடித்து வெட்டினால், ஊன்றும்போது விரல்கள் விரிந்து கோணலாகத் தெரியும்.

முன்னங்காலின் பின்புறம் தோகை மாதிரி தொங்கும் முடியை வெளிப்புறமாகச் சீவி, தரையில் புரளும் நுனியை மட்டும் எடுங்கள். அதே காலின் உட்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, டியூ க்ளா என்கிற தனி நகம் முடிக்குள் மறைந்திருக்கும். வெட்டுவதற்கு முன் விரலால் தடவி அது எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னங்காலில் மடங்கும் மூட்டுக்குக் கீழே இருக்கும் முடியைப் பின்னோக்கிச் சீவி, கத்தரிக்கோலை எலும்புக்கு இணையாக நிமிர்த்திப் பிடித்து நேராக வெட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: கத்திரி வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று கோல்டன் ரெட்ரீவர், ஸ்பிட்ஸ் போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களுக்கு உடம்பு முழுவதும் மழித்துவிடுவது. அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. மழித்த பிறகு பழையபடி வளராமலே போவதும் உண்டு.

மாதத்துக்கு ஒருமுறை பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். நான்கு காலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; நாய் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்ப ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வெட்டும்போது விரலிடுக்கில் வீக்கமோ, சீழோ, ஓயாமல் நக்கியதால் முடி செம்பழுப்பாகிக் கிடப்பதோ கண்ணில் பட்டால், வீட்டு மருந்து எதுவும் போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.