கண்ணை எடுத்தால் பொங்கும் பால்: வாசகர் கேள்வி - பதில்

'ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சில்லறைச் சந்தேகம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்' என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் அடுப்படி சமாச்சாரம்.

கேள்வி: பத்து நிமிஷம் அடுப்பு முன்னாலேயே நிற்கிறேன், பால் அசையவே மாட்டேன் என்கிறது. காலிங் பெல் அடித்து, போய்த் திரும்புவதற்குள் அடுப்பெல்லாம் பால். தண்ணீர் மட்டும் ஏன் இப்படிச் செய்வதில்லை? (வாசகி, தேனி)

தண்ணீரில் அடியிலிருந்து வரும் நீராவிக் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும், அதோடு அதன் கதை முடிந்தது. பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சூடு ஏற ஏற மேலே ஆடை கட்டும், அப்புறம் புரதம் குமிழியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதை உடையவிடாது. உடையாத குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆடையையும் தூக்கிக்கொண்டு கிளம்பும். சூடாகிற பத்து நிமிஷமும் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் கொதியைத் தொட்ட பிறகு விளிம்பைத் தாண்டச் சில விநாடி போதும், உங்கள் காலிங் பெல் அந்த நேரத்தில் அடித்திருக்கிறது. பெல் அடித்தும் பொங்காமல் இருந்த நாட்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டி வைத்தால் ஓரளவு தாங்கும், முழுசாக நம்ப வேண்டாம். பழைய பால் குக்கர் இருந்தால் எடுங்கள். அதன் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, பால் கொதிக்க அதைவிடத் துளி கூடுதல் சூடு வேண்டும், அதனால் பொங்காது. எங்கள் பரணில் ஒன்று கிடக்கிறது, விசில் தொலைந்து பல வருஷம் ஆகிறது.

கேள்வி: முக்கால் மணி நேரம் பஸ்ஸே இல்லை, அப்புறம் ஒரே நம்பரில் மூன்று பஸ் வால் பிடித்த மாதிரி வருகிறது. டிரைவர்கள் டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா? (வாசகர், சென்னை)

எனக்கும் காலேஜ் நாளிலிருந்து இந்தச் சந்தேகம் உண்டு, மனசுக்குள் அவர்களைத் திட்டியும் இருக்கிறேன். பாவம், பெரும்பாலும் தப்பு அவர்கள் மேல் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகத்தான் கிளம்புகின்றன. முதல் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏற வேண்டும், படிக்கட்டில் நிற்கிறவர்களைக் கண்டக்டர் 'உள்ள போ, உள்ள போ' என்று தள்ள வேண்டும், அதனால் இன்னும் தாமதம், அதனால் அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆளே இல்லை, முன்னது இப்போதுதான் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அது நிற்காமல் வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவதும் அப்படியே. நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு பேர் 1964-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

நமக்கு எரிச்சல் வருவதற்கும் கணக்கு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால் சராசரியாக 5 நிமிடம் நிற்போம். அதே பஸ்கள் மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் 15 நிமிடம். பஸ் எண்ணிக்கையோ, செலவாகும் டீசலோ குறையவில்லை, நம் கால்தான் மூன்று மடங்கு வலிக்கிறது. பின்னால் ஒட்ட வரும் பஸ்ஸை வழியில் ஒரு ஸ்டாப்பில் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் இடைவெளி சரியாகும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான் 'ஏன் சார் எடுக்கல' என்று முதலில் கத்துவோம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே: பின்னால் இன்னொன்று கண்ணில் தெரிந்தால் முதல் பஸ்ஸில் தொங்காதீர்கள். இரண்டாவதில் ஜன்னல் சீட்டே கிடைக்கும்.

கேள்வி: ராத்திரி கொசு ஏன் காதுக்கே வந்து பாடுகிறது? (வாசகர், கடலூர்)

உடம்பு முழுக்கத்தான் பாடுகிறது, முழங்காலுக்குக் காது இல்லை. நாம் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வருவதால் தலைப் பக்கம் நடமாட்டம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை வாங்குவதில்லை. சிலர் அதில் கோடு எண்ணிப் பார்க்கிறார்கள். செல்லுமா, செல்லாதா? (வாசகர், நாமக்கல்)

செல்லும். பத்துக் கோடும் செல்லும், பதினைந்து கோடும் செல்லும். ரூபாய்க் குறி போட்டதும் செல்லும், போடாததும் செல்லும். அந்தக் குறியே 2010-ல் வந்ததுதான், வடிவமைத்தவர் நம் ஊர் உதயகுமார், அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. நாணயச் சட்டப்படி ஒரு தடவை கொடுக்கும்போது ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசும் 1000 ரூபாய் வரை, 50 பைசா 10 ரூபாய் வரை செல்லும்.

இதையெல்லாம் எங்கள் தெரு மளிகைக்கடையில் சொல்லிப் பார்த்தேன். அவர் காசைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, 'செல்லும்னு எனக்கும் தெரியும் சார். நான் வாங்கிடுவேன், திருப்பி யாருகிட்ட குடுக்கிறது?' என்றார். வியாதியே இதுதான். அடுத்தவர் வாங்கமாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைப்பதால் யாரும் வாங்குவதில்லை. மூன்று நாணயம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கேள்வி: ஃபேனைக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமா? மாமனார் இல்லை என்கிறார், மகன் ஆமாம் என்கிறான். (வாசகி, தஞ்சாவூர்)

இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிடலாம். மாமனார் காலத்துப் பெட்டி ரெகுலேட்டரில் மிச்சமாவதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாக வீணாகிவிடும், கை வைத்துப் பார்த்தால் சுடும். இப்போது வரும் சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் நிஜமாகவே மிச்சமாகும். ஐந்தில் வைத்தும் ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் ரெகுலேட்டரைத் திட்டாமல் கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள், மலிவான சாமான்தான்.

கேள்வி: முதல் தோசை மட்டும் ஏன் பிய்ந்துபோகிறது? (வாசகி, திண்டுக்கல்)

கல் இன்னும் ஒரே சீராகக் காயவில்லை, எண்ணெயும் எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நன்றாகத் தேயுங்கள், தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உடனே வற்ற வேண்டும், அப்புறம் மாவை ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் முதல் தோசை எப்போதும் என் தட்டுக்குத்தான் வரும். எனக்குக் குறை இல்லை, பிய்ந்த தோசையில்தான் மிளகாய்ப்பொடி நன்றாகப் பிடிக்கிறது.