வாசகர் கேள்விகள்: தலைமையகமும் கிளையும்

கேள்வி: ஐயா, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெங்களூரு மையத்தில் 13 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பயிற்சி வகுப்பு ஒன்றில் சுமந்த்ரா கோஷல் என்ற மேலாண்மைப் பேராசிரியரின் பெயர் வந்தது. அவர் எதை ஆராய்ந்தார்? இங்கிருந்து நாங்கள் சொல்லும் யோசனைகள் தலைமையகத்தில் ஏன் எடுபடுவதில்லை என்பதை நானும் ஆராய விரும்புகிறேன். 36 வயதில் முனைவர் பட்டம் தேடிப் போவது அறிவீனமா?
வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: வயது பற்றிய அச்சத்துக்குக் கோஷலின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 1948இல் கொல்கத்தாவில் பிறந்து, டெல்லியில் இயற்பியல் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் மேலாளராக இருந்த அவர், முப்பதைக் கடந்த பிறகு, 1981இல்தான் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு முனைவர் பட்ட ஆய்வுகளைச் செய்து, 1985இலும் 1986இலும் முடித்தார். (இந்த இரட்டைச் சவாரியை உங்களுக்குப் பரிந்துரைத்தால் உங்கள் வீட்டார் என்னை மன்னிக்க மாட்டார்கள்.) பின்னர் பிரான்சின் இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல் ஆகிய மேலாண்மைக் கல்லூரிகளில் கற்பித்தார், ஐதராபாத்தின் ஐ.எஸ்.பி. மேலாண்மைக் கல்லூரியின் தொடக்கக் கால டீனாகவும் இருந்தார்.

அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் உங்கள் கேள்வியைத்தான். ஹார்வர்டு பேராசிரியர் கிறிஸ்டோபர் பார்ட்லெட்டுடன் சேர்ந்து 9 பன்னாட்டு நிறுவனங்களை ஆராய்ந்து, 1989இல் நூலாக வெளியிட்டார். முடிவுகளைவிட அந்த ஒன்பதைத் தேர்ந்தெடுத்த விதமே எனக்குப் பிடித்தது. சோப்பு போன்ற அன்றாட வீட்டு உபயோகப் பொருள், மின்னணுச் சாதனம், தொலைத்தொடர்புக் கருவி என்று மூன்று தொழில்கள். ஒவ்வொன்றிலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனம் ஒவ்வொன்று. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் ஸ்வீடனின் எரிக்சனும் ஜப்பானின் என்.இ.சி.யும் வேறுபட்டு நடந்தால், அதற்குக் காரணம் தொழிலா, பிறந்த நாடா என்று பிரித்துப் பார்க்க இந்த அமைப்பு இடம் தருகிறது.

1986இல் இருவரும் எழுதிய கட்டுரையொன்று, எல்லாக் கிளைகளையும் தலைமையகம் ஒரே அளவுகோலால் நடத்துவது தவறு என்று வாதிட்டது. கிளை இருக்கும் சந்தை எவ்வளவு முக்கியம், கிளையின் திறமை எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து, வழிநடத்துவது, பங்களிப்பது, சொன்னதைச் செய்வது, முக்கியமான சந்தையில் இருந்தும் கால் ஊன்ற முடியாமல் தவிப்பது என நான்கு நிலைகளைக் காட்டினார்கள். திறமை மிகுந்தும் சந்தையின் காரணமாக நிறுவப்படாத பெங்களூரு மையங்கள் இரண்டாவது வகையில் அடங்கும். ஆனால் உற்பத்திப் பொருளின் வடிவமைப்பே இங்கு நடக்கும்போது அந்த நால்வகைப் பிரிவு போதுமா என்பது என் ஐயம். உங்கள் ஆய்வுக்கான இடமும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 13 ஆண்டு அனுபவம் உங்களுக்குக் கேள்வியைத் தரும், சான்றைத் தராது. நிராகரிக்கப்பட்ட யோசனைகளை மட்டும் திரட்டினால், நிராகரிப்புக்கான காரணத்தை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கப்பட்டவற்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், தலைமையகத்தில் இருப்பவர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். மனத்தாங்கலோடு இருப்பவர்களுக்கு இரண்டாவது வேலைதான் கடினம்.

கேள்வி: ஐ.ஐ.எம். தருவது முனைவர் பட்டமா, ஃபெல்லோ என்ற தகுதியா?
வாசகி, ஜெயநகர்

பதில்: 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வரும்வரை, 1973இல் தொடங்கிய நம்மூர் பெங்களூரு ஐ.ஐ.எம். உட்பட அந்த நிறுவனங்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. அதனால் ஃபெல்லோ என்றே அழைத்தார்கள். இப்போது முனைவர் பட்டமே கிடைக்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்கள் கணினிகளில் கண்காணிப்பு மென்பொருளைப் பொருத்தியிருக்கிறார்கள். பார்க்காவிட்டால் ஏமாற்றுவார்கள் என்கிறார் மேலாளர். இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?
வாசகர், கம்மனஹள்ளி

பதில்: மீண்டும் கோஷல்தான். 1996இல் அவரும் பீட்டர் மோரனும், மனிதர் வாய்ப்புக் கிடைத்தால் சுயநலத்துக்காக ஏமாற்றக்கூடும் என்ற அனுமானத்தின் மேல் எழுப்பப்பட்ட பொருளாதார அறிஞர் ஆலிவர் வில்லியம்சனின் கோட்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார்கள். நம்பிக்கையில்லாமல் கண்காணித்தால், கண்காணிக்கப்படுபவரின் பற்று குறைகிறது. பற்று குறைந்தவர் ஏய்க்கத் தொடங்குகிறார். அதைக் கண்ட மேலாளர் தம் ஐயம் சரியென்று கண்காணிப்பைக் கூட்டுகிறார் என்பது அவர்கள் வாதம். கோஷல் 2004இல் 55 வயதில் மறைந்தார். தீய கோட்பாடுகள் நல்ல நிர்வாகத்தைக் கெடுக்கின்றன என்ற அவருடைய கட்டுரை மறு ஆண்டு வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

வில்லியம்சனும் வாயடைத்துப் போகவில்லை. 1996இலேயே மறுமொழி எழுதினார், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார். எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று அவர் சொன்னதில்லை. சிலர் ஏமாற்றுவார்கள், அவர்கள் யார் என்பதை முன்கூட்டியே அறிவது கடினம் என்பதே அவர் நிலை. என் சாய்வு கோஷல் பக்கம் என்றாலும், உங்கள் அலுவலகத்தில் யார் சொன்னது பொருந்துகிறது என்பதற்கு ஒரு சிறு சோதனை உண்டு: ஆளில்லாதபோதும் மவுசை அசைத்துக்கொண்டிருக்கும் கருவியை உங்கள் நண்பர்கள் வாங்கியது மென்பொருள் வருவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுப் பாருங்கள்.