லாஸ் வேகாஸ் போறேன், எந்த ஸ்லாட் மெஷினைப் பிடிச்சா காசு வரும்?

ஜெயிக்க வழின்னு எதுவும் கிடையாதுங்க, கம்மியா விடுறதுக்கு வேணா வழி இருக்கு. உள்ள இருக்கிறது ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் (எந்த ஒழுங்கும் இல்லாம நம்பரை எடுத்துப் போடுற புரோகிராம்), பட்டனை அமுக்குன நொடியிலயே ரிசல்ட் முடிஞ்சு போச்சு, சக்கரம் சுத்துறதெல்லாம் சும்மா படம் காட்டுறதுதான், அதனால "இந்த மெஷின் ரொம்ப நேரமா குடுக்கல, இப்ப குடுக்கும் பாரு"ன்னு பக்கத்து சீட்டுக்காரர் சொன்னா கண்டுக்காதீங்க.

லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநில விதிப்படி, போடுற காசுல குறைஞ்சது 75 சதவீதத்தை மெஷின் கணக்குப்படி திருப்பிக் குடுக்கணும், நிஜத்துல பெரும்பாலும் அதைவிட அதிகமா இருக்கும், சரி 90-ன்னே வெச்சுக்குவோம். ஒரு ஸ்பின்னுக்கு 50 சென்ட், மணிக்கு 500 ஸ்பின், 250 டாலர் ஓடுது, சராசரியா 25 டாலர் காலி. நிதானமா பாதி வேகத்துல அமுக்கினா பாதிதான் போகும். பென்னி மெஷின்னு (அதாவது ஒரு சென்ட் மெஷின்) போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க, பந்தயம் கட்டுற எல்லா லைனும் சேர்த்தா ஒரு அமுக்குக்கு அரை டாலர், அதுக்கு மேலயும் போகும். 50 சென்ட் போட்டு 20 சென்ட் வந்தாலும் லைட் அடிச்சு மியூசிக் போட்டுக் கொண்டாடும் (பலே ஆளுங்க!), நீங்க கிரெடிட் நம்பரை மட்டும் பாருங்க.

ஷோ டிக்கெட் செலவு மாதிரி ஒரு தொகையை கேஷா எடுத்துட்டு ஏடிஎம் கார்டை ரூம்லயே வெச்சுடுங்க. ஜெயிச்சா கேஷ் அவுட் அமுக்கி வர்ற சீட்டை அடுத்த மெஷின்ல சொருகாம உடனே காசா மாத்திடுங்க. பிளேயர்ஸ் கார்டு (கேசினோ குடுக்கிற மெம்பர் கார்டு) போட்டா மெஷின் குடுக்காதுங்கிறது புரளி, ஓசிதான், வாங்கிக்கோங்க. ஆடும்போது டிரிங்க்ஸும் பெரும்பாலும் ஃப்ரீ, கொண்டு வர்றவங்களுக்கு ஒரு டாலர் டிப் வைங்க.