வாசகர் கேள்வி - பதில்: டிசெக்ஷன் ஹாலில் நிற்கும் கால்களுக்கு மாரத்தான்

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் உதவிப் பேராசிரியை. வயது 36. இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஐந்து மாதத்தில் முழு மாரத்தான் ஓட ஆசை. திங்கள், புதன், வெள்ளி காலை 10 முதல் 1 மணி வரை டிசெக்ஷன் (சடலத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பு), முழுக்க நின்றபடிதான். வாரம் ஆறு நாள் ஓடும் அட்டவணையைப் பிடித்தேன். மூன்றாம் வாரமே கெண்டைக்கால் இறுகிவிட்டது. எங்கே தவறு?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த அட்டவணையில் உங்கள் மூன்று மணி நேர நிற்பு கணக்கில் வரவே இல்லை. அசையாமல் நிற்கும்போது உடம்பு முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது கெண்டைக்காலின் உள்ளடுக்கில் உள்ள சோலியஸ் தசை. ஓடும்போது அதிகச் சுமை ஏற்பதும் அதே தசைதான். மாணவர்களுக்கு அதை 'இரண்டாவது இதயம்' என்று சொல்லித் தருகிறீர்கள். ஆனால் அது சுருங்கி விரிந்தால்தானே ரத்தத்தை மேலே தள்ளும்? சிமென்ட் தரையில் ஒரே இடத்தில் நின்றால் பம்ப் நின்றுவிடும், கணுக்கால் வீங்கும். அந்தக் காலோடு வாரம் ஆறு நாள் ஓடினால் இறுகாமல் என்ன செய்யும்?

ஆகவே டிசெக்ஷன் நாளையும் பயிற்சி நாளாகவே எண்ணுங்கள். ஓட்டம் வாரம் நான்கு நாள் போதும். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். திங்கள் ஓட்டம் கிடையாது. செவ்வாய் 8 கி.மீ., பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஞாயிறும் திங்களும் சேர்ந்து கால் களைத்திருக்கும் என்பதால் செவ்வாயன்று வேகம் கூட்டவே கூடாது. வியாழன்தான் வேக நாள்: 2 கி.மீ. மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, 1 கி.மீ. வேக ஓட்டம் ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட மெது ஓட்டம். சனி 6 கி.மீ. லேசாக. லாங் ரன்னை 18 கி.மீ.யில் தொடங்கி வாரம் 2 கி.மீ. கூட்டுங்கள், நான்காம் வாரம்தோறும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன் 32 கி.மீ. தொட்டால் போதும். அதற்கு மேல் போய்ச் சம்பாதிக்க ஒன்றுமில்லை.

மேசை அருகே நிற்கும்போது கால் மணிக்கு ஒருமுறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்குங்கள். மாணவர்கள் கத்தி பிடித்திருக்கும் நேரத்தில் ஸ்டூலில் உட்காருங்கள். புதன் இரவு முழங்காலை மடக்கிய நிலையில் குதிகால் உயர்த்தும் பயிற்சி, 15 வீதம் மூன்று சுற்று. முழங்காலை ஏன் மடக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கெண்டைக்காலின் மேல்தசையான கேஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலைத் தாண்டிப் போகிறது, மடக்கினால் அது தளர்ந்து சுமை சோலியஸுக்குப் போகும். நீட்சிப் பயிற்சியும் அப்படியே, நேராக ஒன்று, மடக்கி ஒன்று.

சடலம் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கண்ணும் தொண்டையும் எரிந்த நாளின் மாலையில் கடின ஓட்டம் வேண்டாம். எரிச்சல் கண்ட மூச்சுக்குழாய் வழியாகப் பல மடங்கு காற்றை இழுத்தால் இருமல் பிடிக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது இழுப்பில் முடியலாம். சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. அந்த ஆவியான ஃபார்மால்டிஹைடுக்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். இதைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கேள்வி: நெல்லை வெயிலில் லாங் ரன் முடித்து வந்தால் அன்று முழுக்கத் தலைவலி. எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
- வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: உங்கள் வியர்வையை நீங்களே அளந்துவிடலாம். ஓடும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள், 62.0 கிலோ என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் ஓடி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 60.6. வழியில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 1.9 லிட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 950 மி.லி. அதில் பாதிக்குச் சற்று மேல், 500 முதல் 600 மி.லி., மணிக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்து எடை கூடி வந்தால் அதுதான் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் இறங்கி அதே தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள். பாதி பாக்கெட், கண்ணளவுத் தண்ணீர் என்று கலக்காதீர்கள்.

பதநீர் சீசனில் அதை ஓட்டம் முடிந்தபின் குடியுங்கள். ஓடும்போது குடித்தால் அதன் சர்க்கரை வயிற்றைக் கலக்கும். சித்திரை, வைகாசியில் நாலரைக்கே கிளம்பி, ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

கேள்வி: 8 கி.மீ. தாண்டியதும் வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறது. நின்றால் போய்விடுகிறது.
- முதலாண்டு மருத்துவ மாணவர், திருநெல்வேலி

பதில்: இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை ஓடும் பட்டையான இலியோடிபியல் பேண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும்போது அந்தப் பட்டை தொடை எலும்பின் வெளிப்புற முண்டின் மேல் அழுந்தும். டிசெக்ஷனில் தொடைக்கு வரும்போது ஆசிரியரிடம் கேட்டு, முழங்காலை மடக்கி நீட்டி அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒரு முறை பார்த்தால் மறக்காது. தினமும் சாலையின் ஒரே ஓரத்தில் ஓடுகிறீர்களா? ஓரம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். இரண்டு வாரம் மைதானத்தில் ஓடி, வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்; சரிவில் இறங்கி ஓடுவது வேண்டாம். பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் பயிற்சி தினம் 15 வீதம் மூன்று சுற்று, இடுப்பின் பக்கவாட்டுத் தசையான குளூட்டியஸ் மீடியஸுக்காக. மூட்டு வீங்கினாலோ, நடக்கும்போதே வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: லாங் ரன்னுக்கு முந்தின இரவு சொதி சாப்பிடலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மத்தியானம் தாராளமாக. இரவில் வேண்டாம், தேங்காய்ப்பாலின் கொழுப்பு செரிக்க நேரமாகும். இரவுக்கு இட்லி ஐந்தாறு; விடியற்காலை ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும்.