ஆட்சேபனை போடப் போறீங்களா தம்பி?

வணக்கம் அக்கா. நான் இலங்கை மலையகத்துல, கொட்டகலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன். எங்க லயத்துல, அதான் வரிசை வீட்டுல, கடைசி காம்பராவுல அஞ்சு பிள்ளைக் குடும்பம் ஒன்னு, அரசாங்க உதவிக் காசு அஸ்வெசும மாசம் 17,500 ரூபா வருது. நான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன், எங்க பேர் லிஸ்ட்லயே இல்ல. பெத்துப் போட்டாத்தான் காசா? அவங்க மேல ஆட்சேபனை போடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?
(வாசகர், கொட்டகலை)

அன்புள்ள தம்பி,

உங்க பேர் வரலன்ற கோவம் நியாயமான கோவம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அது போய் விழுற இடம்தான் தப்பு.

பிள்ளைக் கணக்குக்கு காசு கூடுதுன்னு நினைக்கிறீங்க, அப்படி இல்ல. மிக வறிய குடும்பம்னு சேத்தா 17,500, வறியன்னா 10,000, நாலு பேர் வீட்டுக்கும் ஏழு பேர் வீட்டுக்கும் அதே காசு. குடும்பத்துல எத்தனை பேர் உழைக்கிறாங்க, எத்தனை பேர் தங்கி இருக்காங்கன்னும் பாக்குறாங்கதான், ஆனா அதோட படிப்பு, நோய் நொடி, வருமானம், சொத்து, வீடுன்னு மொத்தம் 22 விசயம் பாத்துத்தான் புள்ளி போடுறாங்க. அந்தக் கடைசி காம்பராக் காசை ஏழு பேருக்குப் பிரிச்சுப் பாருங்க, ஒரு ஆளுக்கு நாளைக்கு 83 ரூபா, ஒரு றாத்தல் பாண் வாங்க வராது. இதுக்காக யாராவது பத்து மாசம் சுமந்து பெறுவாங்களா, சொல்லுங்க.

எங்க அம்மாவுக்கு ஆறு பிள்ளை, நான் நாலாவது. ஒரு நாள் உதவிக்குப் பதியப் போன இடத்துல, எந்த காரியாலயம்னு சொல்ல விரும்பல, என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, மேசையில இருந்தவர் எத்தனை பிள்ளைன்னு கேட்டாரு, அம்மா ஆறுன்னு சொன்னதும் வரிசையில நின்ன எல்லாரும் சிரிச்சாங்க, அதுல எங்க லயத்து ஆளுங்களும் இருந்தாங்க. அம்மா கைப்பிள்ளையை முந்தானையால மூடிக்கிட்டாங்க. கொழுந்துக் கறை ஏறி கறுத்துப்போன அந்த விரல் முந்தானையை இழுத்துப் பிடிச்சது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதுக்குப் பிறகு எங்க போனாலும் அம்மா நாலு பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க. யார் அந்த ரெண்டு பேர்னு நாங்க கேட்டதே இல்ல.

தோட்டத்துல முன்னாடி பிள்ளை பிறந்தா யாரும் கணக்குப் பாக்கல, வளந்தா செக்ரோல்ல, அதான் வேலையாள் பதிவேட்டுல, ஒரு பேர் கூடும், அது தோட்டத்துக்கும் வேண்டியிருந்துச்சு. பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பராவைக் குடுத்தவங்க அதுக்குள்ள எத்தனை பேர் படுக்குறாங்கன்னு கேட்டதில்ல. 1948ல நம்ம மலையகத் தமிழரோட பிரஜாவுரிமையைப் பறிச்சப்பவும் தோட்டத்து ஆளுங்க கூடிப் போனாங்கன்ற பயமும் பேச்சா இருந்துச்சு. இப்ப அதையே நாம நம்ம லயத்துக்குள்ள பேசுறோம், எனக்கு அதுதான் தாங்கல.

2024ல நாள் சம்பளம் 1,350 ஆச்சு, சரி, ஆனா பறிக்கிற கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், மழை மாசத்துல எத்தனை முழுப் பேர் விழுதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. ரெண்டு பிள்ளை வீட்டுக்கே பத்தாதுன்னா அங்க எப்படி?

2023ல திட்டம் தொடங்கினப்பவே ரெண்டுக்கும் வழி வச்சாங்க தம்பி, அடுத்தவங்களுக்கு குடுக்காதேன்னு எழுதுறது ஆட்சேபனை, எனக்கும் குடுன்னு எழுதுறது மேன்முறையீடு. நீங்க போடவேண்டியது ரெண்டாவது. அந்தக் குடும்பத்தை வெட்டினா அந்த இடத்துல உங்க பேர் வந்து உக்காராது. கிராம சேவகரைப் பாருங்க, இல்ல பிரதேச செயலகத்துல அஸ்வெசும பிரிவுல கேளுங்க, சம்பள துண்டு, கரண்ட் பில், வருத்தக்காரங்க இருந்தா கிளினிக் கொப்பி, எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க. சிங்களத்துல எழுதணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க, தமிழ்ல குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

எழுத கஷ்டம்னா விவரத்தை எனக்கு அனுப்புங்க, எழுதித் தாறேன். கடைசி காம்பரா அக்காவுக்கும் ஏதாவது எழுத இருந்தா கேட்டுச் சேத்து அனுப்புங்க.