உடம்போடு ஒட்டியிருக்கும் சாதனங்களுக்கு ஆண்டெனா: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கையில் கட்டும் பட்டை, தோளில் மாட்டும் அலாரம் போன்ற வயர்லெஸ் கருவிகளுக்குச் சின்ன ஆண்டெனா செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவை பெரும்பாலும் நம் நீலகிரியிலிருந்துதான்.

அக்கா, எங்கள் புராஜெக்ட் பட்டை மேசையில் இருந்தால் 40 மீட்டர் வரை புளூடூத் கிடைக்கிறது. கையில் கட்டினால் 10 மீட்டரிலேயே அறுந்துபோகிறது. போர்டு கெட்டுவிட்டதா? (கல்லூரி மாணவி, கோத்தகிரி)

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. மேசைக்குப் பொருந்தும் ஆண்டெனாவைச் செய்து கையில் கட்டியிருக்கிறீர்கள். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தசையின் மின்கடவா மாறிலி (மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு தேக்கும் என்ற அளவு, காற்றுக்கு 1) 50-க்கு மேல். அப்படி ஒரு பொருள் ஒட்டி இருந்தால் ஆண்டெனாவின் ஒத்ததிர்வு (அது நன்றாக வேலை செய்யும் அலைவரிசை) கீழே இறங்கிவிடும். மிச்சமிருக்கும் ஆற்றலிலும் பெரும்பங்கைக் கை சூடாக மாற்றிவிடும். வெட்டவெளியில் தூரம் நாலில் ஒன்றானால் 12 டெசிபல் போய்விட்டது என்று அர்த்தம். அதாவது ஆற்றலில் 16 பங்கில் 15 பங்கு.

ஆண்டெனாவைத் தோலிலிருந்து தள்ளி, பெட்டியின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோங்கள். பேட்டரியும் கிரவுண்டும் (போர்டின் தாமிரத் தளம்) தோல் பக்கம் இருக்கட்டும். மூன்று, நாலு மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலே வித்தியாசம் தெரியும். அப்புறம், மேட்சிங்கை, அதாவது ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் வேலையை, கையில் கட்டிய நிலையில் செய்யுங்கள். நாள் முழுக்க யாரும் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்து, பட்டையை அதில் கட்டிவிடுவேன். தோராயமான கைதான், ஆனால் ஆரம்பத்துக்குப் போதும்.

கையில் கட்டியே நானோவிஎன்ஏ என்ற ஆண்டெனா அளக்கும் கருவியில் பார்த்தேன். எஸ்11 மைனஸ் 18 டெசிபல், பேண்ட்விட்த்தும் (வேலை செய்யும் அலைவரிசை அகலம்) தாராளம். ஆனாலும் தூரம் போகவில்லையே? (ஊட்டி)

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆண்டெனாவுக்கு அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் எஸ்11. மைனஸ் 18 என்றால் அனுப்பியதில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திரும்பி வருகிறது. மிச்சம் எங்கே போனது என்று எஸ்11 சொல்லாது. ஒரு 50 ஓம் ரெசிஸ்டரை அங்கே மாட்டிப் பாருங்கள், இதைவிட அழகான அளவு வரும். ஆனால் அலை எதுவும் வெளியே போகாது. உங்கள் கை அந்த ரெசிஸ்டரின் வேலையைச் செய்கிறது. சின்ன ஆண்டெனாவில் பேண்ட்விட்த் திடீரென்று தாராளமாக வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். என் முதல் பட்டையில் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய்ப் பத்து போர்டு செய்துவிட்டேன். தேயிலைச் சரிவில் இருபது அடி நடந்ததுமே ஒன்றும் வரவில்லை.

இன்னொன்று, அளக்கும் கேபிளே ஆண்டெனாவாகிவிடும். போர்டு சின்னதாக இருந்தால் கிரவுண்ட் மின்னோட்டம் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும். கேபிளைத் தொட்டால் அளவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) மணிகளைக் கேபிளில் கோர்க்க வேண்டும். கடைசித் தீர்ப்பு மைதானத்தில்தான். பட்டையைக் கட்டிய ஆள் ஒரே இடத்தில் நின்று எட்டுத் திசையும் திரும்பட்டும், எதிரே ரிசீவர் சிக்னல் வலிமையைப் பதியட்டும். அதே இடத்தில் 3.1 செ.மீ. கால்அலை (அலைநீளத்தில் கால் பங்கு) கம்பி ஆண்டெனாவோடு ஒப்பிடுங்கள்.

முத்தோரையில் ரேடியோ டெலஸ்கோப் பார்த்தோம். அது அவ்வளவு நீளம், வாட்சில் இருப்பது அரிசி அளவு. எப்படி? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. 1970-ல் வேலைசெய்யத் தொடங்கிய அந்த டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை அள்ள அத்தனை பரப்பு வேண்டும். வாட்ச் பக்கத்தில் இருக்கும் போனோடு பேசினால் போதும். ஆனாலும் சுருக்க ஓர் எல்லை உண்டு. 1947-ல் வீலர், 1948-ல் சூ என்ற பொறியாளர்கள் காட்டியது அதுதான்: சிறிய அளவு, அகலமான பேண்ட்விட்த், நல்ல திறன் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. அரிசி அளவு சிப் ஆண்டெனா தனியாக வேலை செய்வதும் இல்லை. போர்டின் தாமிரத் தளம் முழுவதும் சேர்ந்துதான் அங்கே ஆண்டெனா.

கம்பளிச் சால்வையில் மின்கடத்தும் துணியால் ஆண்டெனா தைக்கலாமா? இங்கே மூடுபனி வேறு. (கூடலூர்)

மூடுபனி இந்த அலைவரிசையைத் தொந்தரவு செய்யாது. நனைந்த கம்பளிதான் செய்யும், ஏனென்றால் நீரின் மின்கடவா மாறிலி 78 அளவுக்கு இருக்கிறது. சுமார் 5 செ.மீ. சதுரப் பேட்ச் (தட்டையான துணி ஆண்டெனா), பின்னால் அதைவிடப் பெரிய கிரவுண்ட் துணி, நடுவில் தண்ணீர் குடிக்காத ஃபோம் என்று வையுங்கள். கிரவுண்ட் துணி உடம்பை மறைத்துவிடும்.

குழந்தை கையில் கட்டினால் கெடுதலா? (ஒரு தாய்)

புளூடூத் பட்டை பொதுவாக ஒரு மில்லிவாட் அளவில் அனுப்புகிறது. அது முழுவதும் ஒரே கிராம் திசுவில் இறங்கினாலும் கிலோவுக்கு 1 வாட்தான். செல்போன்களுக்கு இந்தியாவில் வைத்திருக்கும் வரம்பு 1.6. நிஜத்தில் அந்த ஒரு மில்லிவாட்டும் விட்டுவிட்டுத்தான் போகிறது. பயப்படாமல் கட்டுங்கள்.

மேடம், காட்டெருமை வந்தால் அழுத்த, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு லோரா (குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் போகும் வயர்லெஸ்) பட்டன் கொடுக்க நினைக்கிறோம். மணிக்கட்டில் கட்டலாமா? (எஸ்டேட் சூப்பர்வைசர், குன்னூர்)

வேண்டாம் சார். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அங்கே கால்அலை மட்டுமே 8.7 செ.மீ.; நாலு செ.மீ. போர்டுக்கு அது பெரிய சுமை. மணிக்கட்டு எந்நேரமும் ஈரச் செடிக்குள்ளேயே இருக்கிறது. முதுகும் சரிவராது, பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர், நிறைந்த பை ஒரு நீர்ச்சுவர்.

தோளின் முன்பக்கம் சரியான இடம். சட்டையில் ஒரு செ.மீ. ஃபோம் பட்டை தைத்து, அதன்மேல் வளையும் கம்பியை நீளவாக்கில் ஓட்டுங்கள். பட்டன் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 915 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவை வாங்கிவிடாதீர்கள். செய்ததும் நிறைந்த பையோடு, மழைக்கான பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, பறிக்கிற பெண் ஒருவரையே எஸ்டேட்டின் கடைசிப் பாத்தியில் நின்று அழுத்தச் சொல்லுங்கள். ரிசீவரை ஆபீஸ் மேசையில் வைக்காமல் மேட்டுக் கூரையில் ஏற்றியபிறகு அதைச் செய்யுங்கள்.